61-உம் 34-உம்: பிரான் பிஜிபி 001 காரின் டயர் கணக்கு

2009 ஃபார்முலா ஒன் சீசனின் முதல் ஏழு பந்தயங்களில் ஜென்சன் பட்டன் சேர்த்த புள்ளிகள் 61. அந்த ஏழிலும் சேர்த்து ஒருவர் எடுக்க முடிந்த அதிகபட்சமே 65தான். மலேசியப் பந்தயம் மழையில் பாதியில் நின்றுபோனதால் அங்கே வென்றவருக்கும் வழக்கமான 10-க்குப் பதில் 5 புள்ளிதான் கிடைத்தது. ஆறு வெற்றி, ஒரு மூன்றாம் இடம். அதன்பின் நடந்த பத்துப் பந்தயங்களில் அதே பட்டன் அதே பிரான் பிஜிபி 001 காரில் சேர்த்தது 34. ஒரு வெற்றிகூட இல்லை. ஆனாலும் அந்த ஆண்டின் சாம்பியன் அவர்தான்.

இந்தச் சரிவுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் இரட்டை டிஃப்யூசர், அதாவது காரின் அடியில் ஓடும் காற்றைப் பின்னால் வெளியேற்றும் இரண்டு தளப் புனல். பிரான் அணியிடம் அது முதலில் இருந்தது, மற்ற அணிகள் பார்த்துச் செய்துகொண்டன, சாதகம் போய்விட்டது என்பார்கள். இது பாதி உண்மை. முழு உண்மையாக இருந்தால், அதே இரட்டை டிஃப்யூசரை முதல் பந்தயத்திலிருந்தே பொருத்தியிருந்த டொயோட்டாவும் வில்லியம்ஸும் அந்த ஆண்டு ஒரு பந்தயமாவது வென்றிருக்க வேண்டும். இரண்டு அணிகளும் ஒன்றும் வெல்லவில்லை. பிரான் காரின் பலமும் பலவீனமும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை என்பது என் கணிப்பு. அந்தக் கார் டயரை மிக மென்மையாக நடத்தியது. வெயில் அடித்த இடத்தில் அதுவே அதன் வெற்றி. குளிரடித்த இடத்தில் அதுவே அதன் தடை.

காரின் பிறப்பை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் பின்னால் வரும் பல விஷயங்களுக்கு விடை அங்கேதான் இருக்கிறது. 2008-ல் ஹோண்டா அணி 14 புள்ளிகளோடு ஒன்பதாம் இடத்தில் கிடந்தது. அந்த ஆண்டின் கார் தேறாது என்று தெரிந்ததும், அணித்தலைவர் ராஸ் பிரான் அதை மேம்படுத்துவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டு, ஆட்களையும் பணத்தையும் காற்றுச் சுரங்க நேரத்தையும் 2009 காருக்குத் திருப்பினார். 2009-ல் விதிகள் அடியோடு மாறப்போகின்றன, எல்லோரும் வெற்றுத் தாளில்தான் தொடங்கியாக வேண்டும் என்பது அவர் போட்ட கணக்கு. மற்ற பெரிய அணிகள் 2008 பட்டத்துக்காகக் கடைசிப் பந்தயம் வரை அடித்துக்கொண்டிருந்தபோது, அணியின் தொழிற்சாலை இருந்த பிராக்லியில் அடுத்த காரின் வேலை நடந்துகொண்டிருந்தது. அந்தக் காலம் வேறு யாரிடமும் இல்லை.

2008 டிசம்பர் 5-ஆம் தேதி ஹோண்டா ஃபார்முலா ஒன்னிலிருந்து விலகுவதாக அறிவித்தது. கார் கிட்டத்தட்டத் தயார். அணிக்கு உரிமையாளர் இல்லை, எஞ்சினும் இல்லை. 2009 மார்ச் 6-ஆம் தேதிதான் ராஸ் பிரானே அந்த அணியை வாங்கித் தன் பெயரில் நடத்துவது உறுதியானது. அதற்குள் மற்ற அணிகள் ஜனவரி, பிப்ரவரி சோதனை ஓட்டங்களை முடித்திருந்தன. சீசன் நடக்கும்போது சோதனை ஓட்டம் கூடாது என்ற தடையும் அந்த ஆண்டுதான் வந்தது. ஆக, பிரான் கையில் இருந்தது மார்ச்சில் சில நாள்கள் மட்டும்.

அந்தச் சில நாள்களுக்குள் ஹோண்டாவுக்காக வரைந்த காரில் மெர்சிடிஸ் எஞ்சினைப் பொருத்த வேண்டும். கேட்க எளிது. ஃபார்முலா ஒன் காரில் எஞ்சின் சட்டகத்தின் (சேஸிஸ்) மேல் உட்காருவதில்லை, எஞ்சினே சட்டகத்தின் ஒரு பகுதி. முன்னால் கார்பன் ஃபைபர் கூட்டோடு போல்ட்டால் இணையும், பின்னால் கியர்பாக்ஸ் அதில் தொங்கும், கியர்பாக்ஸில் பின் சஸ்பென்ஷன் தொங்கும். எஞ்சினின் நீளமோ, போல்ட் வரும் இடமோ, கிராங்க் தண்டின் உயரமோ மாறினால் பின்னாலுள்ள எல்லாமே இடம் பெயரும். 2.4 லிட்டர் மெர்சிடிஸ் வி8 உள்ளே போவதற்காகச் சேஸிஸின் பின்பக்கத்தைச் சுமார் ஆறு அங்குலம் வெட்டினார்கள். கிராங்க் உயரம் ஹோண்டா எஞ்சினோடு ஒத்துவராததால் கியர்பாக்ஸ், வடிவமைப்பாளர்கள் நினைத்த உயரத்தில் நிற்கவில்லை. இழுவிசையைக் கடத்தும் தண்டுகளின் கோணம் மாறியது, எடை மையமும் கொஞ்சம் நகர்ந்தது. நிதானமாக நேரம் இருந்திருந்தால் யாரும் இப்படிச் செய்யத் துணிந்திருக்க மாட்டார்கள். சமரசம் செய்து முடித்த அந்தப் பின்பாகத்தோடுதான் இந்தக் கார் வென்றது. அதன் மற்ற பாகங்கள் எவ்வளவு நன்றாக இருந்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. மெர்சிடிஸ் எஞ்சின் அந்த ஆண்டின் மிகச் சிறந்த எஞ்சின்களில் ஒன்று என்பதையும் மறக்கக்கூடாது. வெட்டியதில் இழந்ததை எஞ்சின் ஈடுகட்டியது.

இனி விதிகள். முந்திச் செல்வதை எளிதாக்க, காற்று காரைத் தரையோடு அழுத்தும் விசையான டவுன்ஃபோர்ஸைப் பாதியாகக் குறைப்பது 2009 விதிகளின் நோக்கம். முன் இறக்கை 1800 மி.மீ. அகலத்துக்கு விரிந்தது. அதன் நடு 500 மி.மீ. பகுதிக்கு எல்லோருக்கும் ஒரே வடிவம், அதில் டவுன்ஃபோர்ஸ் எடுக்க முடியாது. பின் இறக்கை 1000 மி.மீ.யிலிருந்து 750 மி.மீ.யாகச் சுருங்கி, 950 மி.மீ. உயரத்துக்கு ஏறியது. உடலெங்கும் முளைத்திருந்த சிறு இறக்கைகளும் துடுப்புகளும் போயின. பள்ளக் கோடு போட்ட டயர்கள் போய் வழுவழுப்பான ஸ்லிக் டயர்கள் திரும்பி வந்தன. டிஃப்யூசர் பின் அச்சுக் கோட்டிலிருந்துதான் மேலே எழத் தொடங்கலாம். நீளம் 350 மி.மீ., உயரம் 175 மி.மீ., அகலம் 1000 மி.மீ. அதற்கு மேல் கிடையாது.

டிஃப்யூசர் என்ன செய்கிறது என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். காரின் அடித்தளத்துக்கும் தரைக்கும் நடுவே நெருக்கி ஓடும் காற்றை, பின்னால் மெல்ல விரியவிட்டு வெளியே அனுப்பும் புனல் அது. வெளியேறும் வாய் பெரிதாக இருந்தால் உள்ளே ஓடும் காற்றின் வேகம் கூடும், வேகம் கூடினால் அழுத்தம் குறையும், கார் தரையோடு உறிஞ்சப்படும். வாயை எல்லையில்லாமல் பெரிதாக்கவும் முடியாது. கூரை ரொம்பச் செங்குத்தாக எழுந்தால் காற்று அதை ஒட்டி வராமல் பிரிந்துவிடும், டவுன்ஃபோர்ஸ் ஒரு நொடியில் காணாமல் போகும். விதியின் 175 மி.மீ. உயரம் இந்த வாயைத்தான் சிறிதாக்கியது.

பிரான் காரின் பின்னால் குனிந்து பார்த்தால் தெரியும் வேலைப்பாடு இதுதான். ஃபார்முலா ஒன் காரின் அடித்தளம் ஒரே மட்டமான பலகை அல்ல. நடுவே தாழ்ந்த மட்டம் ஒன்று, இரு பக்கமும் அதைவிட 50 மி.மீ. உயர்ந்த மட்டம் ஒன்று. இந்த மட்டங்களைக் கீழிருந்து நேராகப் பார்த்தால் அவற்றில் ஓட்டை தெரியக்கூடாது என்கிறது விதி. ஆனால் இரண்டு மட்டங்களையும் இணைக்கும் 50 மி.மீ. செங்குத்துச் சுவர் இருக்கிறதே, அது எந்த மட்டத்திலும் சேராது. அந்தச் சுவரில் திறப்பு வைத்தார்கள். சுவர் செங்குத்தாக இருப்பதால் நேர் கீழிருந்து பார்க்கும் கண்ணுக்கு மேல் மட்டமும் கீழ் மட்டமும் ஒன்றையொன்று மூடி நிற்கும், திறப்பு தெரியாது. அதன் வழியே காற்றின் ஒரு பங்கு மேலே ஏறி, கியர்பாக்ஸுக்குப் பின்னாலிருக்கும் மோதல் தாங்கியின் அடியில் இரண்டாவது தளமாக ஓடும். காரின் மையக் கோட்டையொட்டிய குறுகிய பட்டையில் உயர வரம்பு தளர்வாக இருந்ததால் அந்த இரண்டாவது தளம் 175 மி.மீ.க்கு மேலே வாயைத் திறக்க முடிந்தது. கீழ்த் தளம் விதிப்படி, மேல் தளமும் விதிப்படி. இரண்டு வாயும் சேர்ந்தால் விதி எழுதியவர்கள் நினைத்ததைவிடப் பெரிய வாய்.

ஃபெராரி, ரெட் புல், ரெனோ மூன்றும் மெல்போர்னில் புகார் கொடுத்தன. நடுவர்கள் தள்ளுபடி செய்தார்கள். மேல்முறையீடு பாரிஸுக்குப் போய், ஏப்ரல் 15-ஆம் தேதி, ஃபார்முலா ஒன்னை ஆளும் எஃப்ஐஏ அமைப்பின் நீதிமன்றமும் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. புதிய விதிகள் போதுமான அளவு டவுன்ஃபோர்ஸைக் குறைக்கவில்லை, இன்னும் இறுக்கலாம் என்று 2008-லேயே அணிகளின் கூட்டத்தில் எடுத்துச் சொன்னதாகவும், மற்றவர்கள் அதை ஏற்கவில்லை என்றும் ராஸ் பிரான் பின்னர் விளக்கினார்.

தீர்ப்பு வந்ததும் எல்லோரும் நகல் எடுக்க ஓடினார்கள். ஆனால் டிஃப்யூசர் தனியாகக் கழற்றி மாட்டும் பாகம் இல்லை. மேல் தளம் ஓட இடம் வேண்டும், அந்த இடத்தில் ஏற்கெனவே கியர்பாக்ஸும் மோதல் தாங்கியும் சஸ்பென்ஷனும் உட்கார்ந்திருக்கும். ரெட் புல்லின் ஆர்பி5 காரில் அதன் வடிவமைப்பாளர் ஏட்ரியன் நியூவி பின் சஸ்பென்ஷனை இழு தண்டு முறைக்கு மாற்றியிருந்தார். அதில் டாம்ப்பர்களும் ஸ்பிரிங்குகளும் கியர்பாக்ஸின் அடிப்பக்கத்தில் வரும். மேலே காற்று இறக்கைக்குச் சுத்தமாகப் போவதற்குச் செய்த அருமையான ஏற்பாடு அது; இரட்டை டிஃப்யூசருக்கோ அதே ஏற்பாடு வழியில் நின்றது. ரெட் புல் தன் இரட்டை டிஃப்யூசரை மே மாதம் மொனாக்கோவில்தான் கொண்டுவர முடிந்தது.

டிஃப்யூசரைப் பற்றியே பேசிப் பேசி எல்லோரும் கவனிக்காமல் விட்டது காரின் முன்பக்கம். இறக்கை 1800 மி.மீ. ஆனதும் அதன் நுனி நேராக முன் டயருக்கு முன்னால் வந்து நின்றது. டயரில் மோதும் காற்றை எந்தப் பக்கம் தள்ளுவது? பல அணிகள் பழைய பழக்கத்தில் உள்பக்கம் திருப்பின. பிரான் காரின் இறக்கை நுனித் தகடுகள் அதை டயருக்கு வெளியே தள்ளின. சுழலும் டயர் கிளப்பிவிடும் கலங்கிய காற்று காரின் உடலை விட்டு விலகிப் போனது, அடித்தளத்துக்குத் தெளிந்த காற்று கிடைத்தது. பின்னாலிருக்கும் டிஃப்யூசர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதற்கு வந்து சேரும் காற்று கலங்கியிருந்தால் பயனில்லை. டொயோட்டாவிடமும் வில்லியம்ஸிடமும் இல்லாமல் பிரானிடம் இருந்தது இந்த முழுமை என்று நினைக்கிறேன். அடுத்த பத்தாண்டுகளில் எல்லா அணிகளும் போன வழியும் இதுதான்.

இன்னொன்று எடை. வழுவழுப்பான டயர் வந்தபோது முன் டயரின் அகலம் அப்படியே இருந்தது. பள்ளங்கள் போனதில் முன் டயருக்குக் கிடைத்த கூடுதல் பிடி, பின் டயருக்குக் கிடைத்ததைவிட விகிதத்தில் அதிகம். அதைப் பயன்படுத்திக்கொள்ள எடையை முன்னால் நகர்த்த வேண்டும். பிரேக் ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தரும் கெர்ஸ் என்ற கருவியும் அந்த ஆண்டுதான் வந்தது, கட்டாயமில்லை. ஓட்டுநரையும் சேர்த்து 605 கிலோ என்ற குறைந்தபட்ச எடைக்குள் கெர்ஸைத் திணித்தால், விருப்பப்பட்ட இடத்தில் வைத்துக்கொள்ள மிஞ்சும் நிறை குறைந்துபோகும். பிரான் காரில் கெர்ஸ் இல்லை. மிஞ்சிய நிறை முழுவதையும் தாழ்வாகவும் முன்னாலும் வைத்து, கியர்பாக்ஸ் இடம் மாறியதில் கெட்ட சமநிலையை ஓரளவு சரிசெய்ய முடிந்தது.

இப்போது டயர். ரேஸ் டயரின் ரப்பர் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்கு வந்தால்தான் தரையைப் பற்றும். பிட்டில் (ஓடுபாதையோரப் பணியிடத்தில்) சூடேற்றும் போர்வை போர்த்தி வைத்தாலும் ஓடுபாதையில் அந்தச் சூட்டைக் காப்பாற்ற வேண்டியது கார்தான். சூடு இரண்டு வழியில் வருகிறது. சுமை ஏறி இறங்கும்போது டயரின் உடல் நசுங்கி மீளும், அதில் உள்ளிருந்து வரும் சூடு ஒன்று. மேற்பரப்பு தரையில் வழுக்கித் தேயும்போது வரும் சூடு இன்னொன்று. டவுன்ஃபோர்ஸ் ஒரே சீராக அழுத்தி, முன்னும் பின்னும் சமமாக நிற்கும் கார் வழுக்குவது குறைவு. வழுக்கல் குறைந்தால் மேற்பரப்புச் சூடு குறையும், ரப்பர் சிறு உருளைகளாகச் சுருண்டு உதிர்வது குறையும், டயர் நீண்ட சுற்றுகளுக்குத் தாங்கும். ஸ்டீயரிங்கைப் பட்டுத்துணியைத் தொடுவதுபோல் தொடும் பட்டன் அதில் உட்கார்ந்தால் இன்னும் குறையும்.

எரிபொருளை வழியில் நிரப்ப அனுமதி இருந்த கடைசி ஆண்டு அது. டயர் தாங்கும் காருக்கு உத்தியில் கதவுகள் திறக்கும். ஸ்பெயினில் அணியின் இன்னொரு ஓட்டுநர் பாரிக்கெல்லோவும் பட்டனும் மூன்று பிட் ஸ்டாப் திட்டத்தில்தான் ஓடினார்கள். நடுவழியில் பட்டனை இரண்டு ஸ்டாப்புக்கு மாற்றினார்கள். எரிபொருள் நிறைந்த கனத்த காரோடு நீண்ட சுற்றுகளை அவர் வேகம் குறையாமல் ஓட்டி வென்றார். மொனாக்கோவில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. மிக மென்மையான டயரோடு கிளம்பிய வெட்டலின் ரெட் புல் சில சுற்றுகளிலேயே பின் டயர் சுருண்டு வேகம் இழந்து, பின்னால் ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது. அதே வகை டயரில் முன்னால் போன பட்டன் விலகிப் போய்க்கொண்டே இருந்தார். பாரிக்கெல்லோவின் டயர்கூட அதே பிரான் காரில் சுருள ஆரம்பித்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பந்தயம் முடிந்ததும் பட்டன் காரைத் தவறான இடத்தில் நிறுத்திவிட்டு, மேடைக்கு ஓடுபாதை வழியே ஓடியே வந்தார். அந்த ஓட்டத்தை இன்றும் பார்க்கப் பார்க்க மனம் நிறைகிறது.

முதல் பந்தயம் மெல்போர்ன். தகுதிச் சுற்றில் பட்டன் 1 நிமிடம் 26.202 வினாடி, பாரிக்கெல்லோ இரண்டாமிடம், மூன்றாமிடத்து வெட்டல் பட்டனைவிட 0.6 வினாடிக்கு மேல் பின்னால். பந்தயத்திலும் முதல் இரண்டு இடங்கள். அறிமுகப் பந்தயத்திலேயே ஓர் அணி வென்றது 1977-ல் வுல்ஃப் அணிக்குப் பிறகு அதுதான் முதல் தடவை, முதல் இரண்டு இடங்களையும் பிடித்தது 1954 மெர்சிடிஸுக்குப் பிறகு. விளம்பரமே இல்லாத வெள்ளைக் காராக வந்து, மெல்போர்னில்தான் பெயர் சொல்லும்படி ஒரு விளம்பரம் ஒட்டப்பட்ட கார் அது.

மூன்றாம் பந்தயமான ஷாங்காயிலேயே அறிகுறி வந்துவிட்டது. மழை, குளிர். ரெட் புல் முதல் இரண்டு இடங்கள், பிரான் மூன்றும் நான்கும். நனைந்த தரையில் டயர் சூடேறாமல் பட்டன் தடுமாறினார். அடுத்த வாரம் பஹ்ரைன் வெயிலில் முன்வரிசை முழுவதையும் டொயோட்டா பிடித்திருந்தும், நடுப் பந்தயத்தில் கடினமான டயருக்குப் போய் வேகத்தைத் தொலைத்தது, வென்றது பட்டன். ஒரே டிஃப்யூசர் தத்துவம், இரண்டு கார்கள், டயர்தான் வித்தியாசம். வெற்றி அடுத்தடுத்து வந்ததால் ஷாங்காய் யாருக்கும் பெரிதாகப் படவில்லை. மே, ஜூன் மாதங்களில் பார்சிலோனா, மொனாக்கோ, இஸ்தான்புல் என்று எல்லாமே கதகதப்பான இடங்கள்.

ஜூன் 21, சில்வர்ஸ்டோன். குளிர். ரெட் புல்லின் வெட்டல், வெப்பர், அடுத்து பாரிக்கெல்லோ. சொந்த நாட்டில் பட்டன் ஆறாவது. மூன்று வாரம் கழித்து நூர்பர்க்ரிங், அங்கும் குளிர். வெப்பர் முதலிடம், பட்டன் ஐந்து. ஹங்கேரியில் ஏழு. டயர் சூடாகாத கார் எப்படி மெதுவாகும் என்பதற்கு ஒரு சங்கிலி இருக்கிறது. முன் டயர் குளிர்ந்திருந்தால் வளைவின் நுழைவில் காரின் மூக்கு திரும்ப மறுக்கும். ஓட்டுநர் வேகத்தைக் குறைத்துத் திருப்புவார். வேகம் குறைந்தால் டவுன்ஃபோர்ஸ் குறையும், சுமை குறையும், டயர் இன்னும் குளிரும். தகுதிச் சுற்றில் ஒரே ஒரு சுற்றுக்குள் சூடேற்ற வேண்டியிருக்கும்போது இந்தச் சங்கிலியிலிருந்து வெளியே வர நேரமே கிடைக்காது. பின்வரிசையில் கிளம்பினால் முன்னால் போகும் காரின் கலங்கிய காற்றில் டவுன்ஃபோர்ஸ் மேலும் போகும். ஆர்பி5 டயரைக் கசக்கிப் பிழிந்த கார். அதனால் வெயிலில் மொனாக்கோபோல் அடிவாங்கியது, குளிரில் பறந்தது.

சரி, சரிசெய்ய முடியாதா? முடியும். முன் சக்கரங்களின் திசைக் கோணத்தை மாற்றி டயரை வேண்டுமென்றே கொஞ்சம் தேய்க்கலாம். பிரேக்கிலிருந்து வரும் வெந்த காற்றைச் சக்கர வளையத்துக்குள் திருப்பி டயரை உள்ளிருந்து சூடாக்கலாம். ஸ்பிரிங்கை இறுக்கலாம். ஒவ்வொன்றும் வெயில் வந்ததும் எதிராகத் திரும்பும், அதனால் அளந்துதான் செய்ய வேண்டும். அளக்கச் சோதனை ஓட்டம் இல்லை. வெள்ளிக்கிழமைப் பயிற்சி நேரம் மட்டும். ஹோண்டா விலகிய பிறகு அணி நூற்றுக்கணக்கானவர்களை வேலையிலிருந்து அனுப்பியிருந்தது, சீசன் முழுவதற்கும் கட்டியது மூன்றே சேஸிஸ். ரெட் புல் பந்தயத்துக்குப் பந்தயம் புதுப் பாகங்கள் கொண்டுவந்தபோது பிராக்லியில் ஒவ்வொரு பாகத்துக்கும் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. முதல் ஏழு பந்தயங்களில் பிரான் 96 புள்ளி, ரெட் புல் 56.5. மீதிப் பத்தில் ரெட் புல் 97, பிரான் 76. இந்த இரண்டு வரிகளில் அந்த ஆண்டு முழுவதும் அடங்கிவிடும்.

ஹங்கேரியைச் சொல்லும்போது அந்த ஸ்பிரிங்கையும் சொல்ல வேண்டும். பின் சஸ்பென்ஷனில் இடது, வலது ஸ்பிரிங்குகளோடு நடுவே மூன்றாவதாக ஒன்று உண்டு. இரண்டு சக்கரங்களும் ஒன்றாக மேலே எழும்பும்போது மட்டும் அது வேலை செய்யும். வேகம் கூடக்கூட டவுன்ஃபோர்ஸ் காரை அழுத்தும், அப்போது டிஃப்யூசர் தரையில் இடிக்காமல் உயரத்தைக் காப்பது அதன் பொறுப்பு. ஜூலை 25 தகுதிச் சுற்றில் பாரிக்கெல்லோவின் காரிலிருந்து அந்த ஸ்பிரிங் கழன்று தரையில் துள்ளியது. எடை சுமார் 800 கிராம். பின்னால் வந்த ஃபெராரி ஓட்டுநர் ஃபெலிப்பே மாசாவின் தலைக்கவசத்தில், இடது கண்ணுக்கு மேல், மோதியது. மாசா அந்த ஆண்டு மீண்டும் பந்தயம் ஓட்டவில்லை. தலைக்கவசத்தின் முகத்திரைக்கு மேல் விளிம்பில் கூடுதல் வலுப்பட்டை ஒட்டும் வழக்கம் அதற்குப் பிறகு வந்தது.

சீசனின் இரண்டாம் பாதியில் பிரானின் பட்டத்தைத் தாங்கியவர் ரூபன்ஸ் பாரிக்கெல்லோ என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கடைசிப் பத்துப் பந்தயங்களில் அவர் எடுத்தது 42, பட்டன் எடுத்தது 34. பாரிக்கெல்லோ பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் இன்னும் கடுமையாகக் கையாள்பவர். குளிரில் டயருக்குள் சூட்டைச் செலுத்த அது உதவியது, மொனாக்கோவில் டயர் சுருண்டதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். ஆகஸ்ட் வெயிலில் வலென்சியாவில் அவர் வென்றார். மோன்ஸாவில் கெர்ஸ் வைத்த கார்கள் முன்னால் நிற்க, ஐந்தாவதும் ஆறாவதுமாகக் கிளம்பிய இரண்டு பிரான்களும் எரிபொருளை நிறைய ஏற்றி ஒரே ஸ்டாப்பில் ஓடி முதல் இரண்டு இடங்களைப் பிடித்தன. டயர் தாங்கும் என்ற நம்பிக்கை இல்லாமல் அந்தத் திட்டத்தை யாரும் போட மாட்டார்கள்.

பாரிக்கெல்லோவை வாட்டியது கிளட்ச். மெல்போர்ன், இஸ்தான்புல், ஸ்பா மூன்றிலும் விளக்கு அணைந்ததும் கார் நின்ற இடத்திலேயே தயங்கியது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கிளட்சுக்கு இரண்டு கைப்பிடிகள். இரண்டையும் பிடித்து முதல் கியர் போட்டு, விளக்கு அணைந்ததும் ஒன்றை முழுதாக விட வேண்டும், மற்றதைக் கிளட்ச் பற்றத் தொடங்கும் புள்ளியில் நிறுத்தி மெல்ல விட வேண்டும். அந்தப் புள்ளி கிளட்ச் சூட்டோடு நகரும். ஒரு மயிரிழை அதிகமாகப் பற்றினால் எஞ்சின் சுழற்சி சரிந்து, எஞ்சின் அணையாமலிருக்கக் கணினியே கிளட்சைத் திறந்துவிடும். அதன்பின் ஓட்டுநர் மீண்டும் கைப்பிடியை இழுத்து முதலிலிருந்து தொடங்குவதற்குள் பத்துக் கார் தாண்டிப் போயிருக்கும். இஸ்தான்புல்லில் அதோடு கியர்பாக்ஸும் கெட்டு விலகினார். இரண்டு கார், பதினேழு பந்தயம், மொத்தம் 34 தொடக்கங்களில் இயந்திரக் கோளாறால் பிரான் நின்றது அந்த ஒரு முறைதான். மார்ச்சில் ரம்பம் வைத்து அறுத்து எஞ்சின் மாட்டிய காருக்கு இது பெரிய விஷயம். வெட்டலோ வலென்சியாவில் எஞ்சின் வெடித்து நின்றார்.

அக்டோபரில் பிரேசில். கொட்டும் மழையில் தகுதிச் சுற்று இரண்டரை மணி நேரத்துக்கு மேல் இழுத்தது. பாரிக்கெல்லோ சொந்த ஊரில் முதலிடம், பட்டன் 14. ஞாயிறன்று தரை காய்ந்தது. அதுவரை புள்ளிகளைக் கட்டிக்காத்து ஓட்டிய பட்டன் அன்று ஒவ்வொரு காராக இடம் பார்த்து உள்ளே நுழைந்து முந்தினார். முதல் பந்தயம் ஓட்டிய கோபயாஷியின் டொயோட்டா மட்டும் அவரை வெகுநேரம் மறித்தது. பாரிக்கெல்லோவுக்கு டயர் பஞ்சராகி எட்டாமிடம். பட்டன் ஐந்தாவதாக வந்து, ஒரு பந்தயம் மீதமிருக்கும்போதே சாம்பியன் ஆனார். அணிகளுக்கான பட்டமும் அன்றே பிரானுக்கு. கடைசிக் கணக்கு: பட்டன் 95, வெட்டல் 84, பாரிக்கெல்லோ 77. அணிகளில் பிரான் 172, ரெட் புல் 153.5.

நவம்பரில் மெர்சிடிஸ் அணியை வாங்கியது. 2010-ல் எரிபொருள் நிரப்புவது தடைசெய்யப்பட்டு, எல்லாக் காரும் நிறைந்த பெரிய தொட்டியோடு கிளம்ப வேண்டியதாயிற்று. முன் டயரின் அகலத்தைக் குறைத்தார்கள். பிஜிபி 001 எந்தப் பிடிமானத்தின் மேல் கட்டப்பட்டிருந்ததோ அந்தப் பிடிமானம் முன்னச்சிலிருந்து போய்விட்டது. அதே பிராக்லியிலிருந்து வந்த அடுத்த கார் 2010-ல் ஒரு பந்தயம்கூட வெல்லவில்லை. இரட்டை டிஃப்யூசர் 2010 வரை, இன்னும் ஒரு சீசன் தாக்குப்பிடித்தது. 2011-க்கான விதியில் அந்தச் செங்குத்துச் சுவரின் திறப்பும் அடைக்கப்பட்டது.